அண்ணனுக்காக அமுக்கிய நான்கு பட்டன்கள்

அந்தக் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தைச் செய்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு நாட்டில், நல்ல கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கையும் சரியாக உள்ளவர்கள் செய்திருக்க வேண்டும். அவர்களை நேரில் கண்டால் ஒரேயொரு கேள்வி கேட்பேன்: முதல் பாகம் நன்றாகத்தானே இருந்தது, அதைக் கெடுக்கச் சொல்லி யார் உங்களிடம் வந்து அழுதது? அழுதவர்களில் நானும் ஒருவன் என்பது வேறு விஷயம். இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று நானும் அண்ணனும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அது கூலிப்படைகளின் கதை. ஐந்து மாடி உயரத்துக்கு இரும்பு ராட்சதர்கள், மனிதனைப் போல இரண்டு காலில் நடப்பார்கள். ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் ஒருவன் உட்கார்ந்து ஓட்டுவான். நீங்கள் ஒரு சின்னக் கூலிப்படைக்குத் தலைவன். யார் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்காகப் போய்ச் சண்டை பிடித்து, உடைந்ததைத் திருத்திக்கொண்டு, அடுத்த வேலைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். முப்பத்தொரு வயதில் இதைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன் என்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

முதல் பாகம் லயத்தில் எங்கள் வீடான காம்பராவுக்கு வந்த காலத்தில் அண்ணன் தோட்டத்தின் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். மலையில் பறித்து எடை போட்ட கொழுந்தை ஏற்றிக்கொண்டு போய் ஃபெக்டரியில் இறக்குவது அவன் வேலை. பதுளையில் பழைய கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்ததும் அவன்தான். என் படிப்புக்கு என்று அம்மாவிடம் சொன்னான். நான் படித்ததைவிட அவன் விளையாடியதுதான் அதிகம். ராட்சதன், இயந்திரம் என்றெல்லாம் அவன் வாயில் வராது. அவனுக்கு அது வண்டி.

“பாரம் ஏத்துன லொறி மாதிரியே திரும்புதுடா,” என்றான் முதல் நாளே. “லொறி ஓட்டுன எவனோ ஒருத்தன்தான் இத செஞ்சிருக்கான்.”

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், கொஸ்லந்தைப் பக்கம் ஒரு வளைவில் மண் சரிந்து லொறி பள்ளத்தில் சாய்ந்தது. அண்ணன் பிழைத்துக்கொண்டான். அவனுடைய வலது கை முழங்கைக்குக் கீழே பிழைக்கவில்லை. கை இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, ஒன்றும் அசையாது. அதற்குப் பிறகு பதுளை கிளினிக்குக்குப் போவதைத் தவிர அவன் லயத்தைவிட்டு இறங்கவில்லை. பாதையில் லொறிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்துவான்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவனாகவே கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மவுஸை இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தான். முதல் பாகத்தை ஒரு கையால் விளையாட முடிந்தது. அந்த வண்டிகளுக்கு வேகத்தை ஒருமுறை வைத்துவிட்டால் போதும், நாமாக மாற்றும்வரை அதே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். வேகத்தை வைத்துவிட்டு மவுஸுக்குத் திரும்பிக் குறிபார்த்துச் சுடலாம். அவசரமே இல்லை. எங்கள் வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். அந்த விளையாட்டை அவன் நான்கு தரம் முடித்தான்.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது.

அது வந்த கதையே ஒரு வயிற்றெரிச்சல். எங்கள் லயத்தில் சிக்னல் என்று ஒன்று கிடையாது. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். அதை வைத்து அவ்வளவு பெரிய சாமானை இறக்குவதென்றால் எனக்குப் பென்சன் வயது வந்துவிடும். பதுளையில் ஒரு கடையில் தெரிந்த பையனைப் பிடித்து, ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டுவந்து போட்டால், திருத்தம் ஒன்றை இறக்கினால்தான் திறப்பேன் என்றது. தண்ணீர்த் தாங்கிக்கு ஏறினேன். அடுத்த வாரம் இன்னொரு திருத்தம், மறுபடியும் ஏறினேன். அட்டை கடித்ததுதான் மிச்சம். இத்தனைக்கும் அந்தத் திருத்தங்களால் என்ன திருந்தியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சரி, திறந்தது. திறந்த முதல் நாளே அண்ணனுடைய முகம் சுருங்கிவிட்டது. இரண்டாம் பாகத்தில் நீங்கள் தனியாகச் சண்டைக்குப் போக முடியாது. கூட மூன்று பேர் மூன்று வண்டியில் வருவார்கள். அந்த மூவருக்கும் சொந்த மூளை கிடையாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்வரை நிற்கிறவர்கள் மாதிரி, நாம் சொல்லும்வரை அப்படியே நிற்பார்கள். பின்னால் வா, நில், அதை அடி, விலகிப் போ என்று நான்கு கட்டளைகளுக்கு நான்கு பட்டன்கள். அண்ணன் மவுஸை விட்டுவிட்டுப் பட்டனுக்குக் கை நீட்டி, மறுபடி மவுஸைப் பிடிப்பதற்குள் எதிரி அவனுடைய வண்டியின் கையைக் கழற்றிவிடுவான். ஆறு தரம் முயற்சி செய்தான். ஆறு தரமும் தோற்றான். ஏழாவது தரம் கணினியை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

நான்தான் சொன்னேன், “அண்ணே, பட்டன் நாலையும் நான் அமுக்குறேன். நீ ஓட்டு.” சொன்ன வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து அதுவே என் பிழைப்பாகிவிட்டது. பகலில் பதுளையில் டிராக்டர், லொறி உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் வேலை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்தால், எல்ல ஊருக்குப் போகும் பாதையில் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களின் வேன்கள் வளைவுக்கு வளைவு நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். பஸ் நகராது. எங்கள் தேயிலையையும் எங்கள் லயத்துத் தகரத்தையும் அப்படி என்ன படம் எடுக்கிறார்களோ. நான் வீட்டுக்கு வரும்போது அண்ணன் கணினியைப் போட்டு, எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் இழுத்துப் போட்டு வைத்திருப்பான். முகம் கழுவக்கூட நேரம் கிடையாது. ஏனென்றால் பக்கத்துக் காம்பரா அக்கா மலையிலிருந்து வந்து, குளித்து, ஆறரைக்குச் சோற்றுக் குக்கரைப் போடுவார். லயத்துக்கு இழுத்திருக்கும் வயர் பழையது. குக்கர் போட்டால் எங்கள் கணினி போய்விடும். சண்டையின் நடுவில் அதைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. தொடங்கினால் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து.

அண்ணன் நல்ல சாரதி, மோசமான முதலாளி.

“டேய், ரெண்டாவது வண்டிய பின்னுக்கு எடு. பின்னுக்குடா!”

“அமுக்கிட்டேன்ணே.”

“அமுக்குன லட்சணந்தான் தெரியுதே. கால் போயிருச்சி பாரு.”

“நீ சொன்னதே பிந்தித்தானே சொன்ன!”

“கண்ணு இருக்குதானே ஒனக்கு? பாத்து அமுக்கத் தெரியாதா?”

அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடுவாள்: “ரெண்டு எருமைகளா, அந்தப் பொட்டியத் தூக்கி அடுப்புல வச்சிப்புடுவேன்.” அதற்குள் பக்கத்தில் குக்கர் போட்டு, கணினி போய், இருட்டில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வாரத்தில் ஐந்து நாள் இப்படித்தான் தோற்றோம்.

தோற்றாலாவது பரவாயில்லை. ஒருமுறை நல்ல வேலையொன்று வந்தது. ஒரு கிரகத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள், அவர்களை அங்கிருந்து கலைத்துவிட வேண்டும், இலேசான வேலை. அதைச் செய்தால்தான் பெரிய வண்டிகள் கிடைக்கும், கதையும் முன்னே போகும். அண்ணன் கடைசி வரிவரை வாசித்துவிட்டு, “இது வேணாம்” என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“அண்ணே, இது கேமு. அங்க நெசமா யாரும் இல்ல.”

“வேல செய்யிற சனத்த வெரட்டுறதுக்கு நம்மளக் கூப்புடுறான். போகமாட்டேன்.”

கூலிப்படைத் தலைவன் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வாசலில் ஊற்றிவிட்டேன். இரண்டு வாரம் கதை அந்த இடத்திலேயே நின்றது.

இதற்கிடையில்தான் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டார். மொனராகலையில் கடைக்கு ஒரு கிளை திறக்கப் போகிறார். அங்கே கரும்புத் தோட்டங்கள், டிராக்டர்கள், நல்ல ஓட்டம் இருக்கும். கடைக்கு மேலே ஓர் அறையும் உண்டு. “நீ போயி பாத்துக்க. பத்து வருஷமா கவுண்டர்ல நிக்கிற, ஒனக்குத் தெரியாத சாமான் இல்ல. மாசக் கடைசிக்குள்ள சொல்லு,” என்றார். பத்து வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அன்று பஸ்ஸில் எனக்கு வேன்கள் நின்றதுகூடத் தெரியவில்லை. என் பொறுப்பில் ஒரு கடை. எனக்கென்று ஓர் அறை. வீட்டுக்கு வந்தேன், கதிரை இழுத்துப் போட்டபடி இருந்தது. “சுருக்கா வாடா, குக்கர் போடப் போறாங்க,” என்றான் அண்ணன். முதலாளி சொன்னதை நாளைக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்த நாளும் அப்படித்தான் உட்கார்ந்தேன். நான் போய்விட்டால் இவனுக்கு இந்த நான்கு பட்டன்களை யார் அமுக்குவது? அம்மாவா? மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வானே. மூன்று வாரம் இதே யோசனைதான். யோசிக்க யோசிக்க, பட்டனை அமுக்கும் என் விரலில் கோபம் ஏறிக்கொண்டே போனது. அவன்மேல் கோபம், அவன் கைமேல் கோபம், கைமேல் கோபப்பட்ட என்மேல் கோபம்.

மாதக் கடைசித் திங்கட்கிழமை, கடை திறந்ததும் முதலாளி கேட்டார்.

“என்ன, யோசிச்சியா?”

“முடியாதுங்க முதலாளி. வீட்டு நெலம சரியில்லைங்க.”

அவர் வற்புறுத்தவில்லை. பத்து மணிக்கெல்லாம் என்னோடு கவுண்டரில் நிற்பவனைக் கூப்பிட்டு மொனராகலைக்குப் போகச் சொல்லிவிட்டார். நான் வெளியே போய்த் தேத்தண்ணிக் கடையில் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். குடும்பத்துக்காகப் பெரிய தியாகம் செய்தவன் போல இருந்தது. அன்று மாலை பட்டன்களை அமுக்கியபோது, நான் எதை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா என்று அண்ணனை ஒருமுறை பார்த்தேன். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றும் தோற்றோம்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. அண்ணனை அம்மா கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தாள். மாத்திரை தேடி அண்ணனுடைய பெட்டியைத் திறந்தேன். மாத்திரை கிடைக்கவில்லை, ஒரு கொப்பி கிடைத்தது.

தோட்டத்து லொறிச் சாரதிகள் எல்லோரும் ரன்னிங் சார்ட் என்று ஒன்றை எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எடுத்தது, எங்கே போனது, எத்தனை மணிக்கு வந்தது, கூட வந்தது யார், வண்டியில் என்ன பழுது. அண்ணன் அதில் ஓர் ஓட்டத்தையும் விட்டதில்லை. ஓடாத ஓட்டத்தை எழுதச் சொல்லித் தோட்டத்து அதிகாரி ஒருவர் நெருக்கியபோது சாவியைத் தூக்கி மேசையில் போட்டவன். அவனுடைய கொப்பியிலும் அதே கட்டங்கள், கோடு போட்டு. உள்ளே இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. படித்த பிறகுதான் விளங்கியது, அவன் விளையாட்டுக்கு ரன்னிங் சார்ட் எழுதி வைத்திருக்கிறான்.

மாலை ஐந்து ஐம்பது முதல் ஆறு இருபத்தைந்து. பனிமலை. கூட: தம்பி. தோல்வி. இடது கால் உடைவு. தம்பி பிந்திவிட்டான்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. அடுத்த வரிக்குப் போனேன்.

காலை ஒன்பது நாற்பது முதல் பத்து இருபது. பனிமலை. கூட: தனி. வெற்றி. பழுது இல்லை.

கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். காலை, தனி, வெற்றி. காலை, தனி, வெற்றி. மாலை, தம்பி, தோல்வி. முதல் ‘தனி’ எழுதிய திகதியைப் பார்த்தேன். நான் முதலாளியிடம் முடியாது என்று சொன்னதற்குச் சரியாக ஐந்து வாரத்துக்கு முன்.

கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடினேன். அரிசிப் பையில் சுற்றிய பழைய கீபோர்ட் ஒன்று இருந்தது. நான்கு பட்டன்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்திருந்தான். அந்த நான்கின்மேலும் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருந்தது. காலால் அமுக்குவதற்கு. கணினியைப் போட்டுப் பார்த்தேன். அவன் பேரில் வேறொரு படை இருந்தது, எங்களுடையதைவிட மூன்று மடங்கு பெரியது. சுரங்கத்து வேலையைச் செய்யாமலே சுற்றுவழியில் போய்ப் பெரிய வண்டிகளையெல்லாம் சேர்த்துவிட்டான். களவாக விளையாடிவிட்டு, அதை நேரம் போட்டுக் கொப்பியில் எழுதியும் வைத்த ஒரே ஆள் உலகத்திலேயே என் அண்ணனாகத்தான் இருப்பான்.

இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அம்மா உடை மாற்ற உள்ளே போனாள். நான் கொப்பியை அவனுக்கு முன்னால் போட்டேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கதிரையில் உட்கார்ந்தான்.

“என்னாத்துக்குண்ணே இந்த நாடகம்?” என்றேன். “தனியா ஜெயிக்கத் தெரியுது. அப்பறம் எதுக்கு என்னைய வருத்தி வருத்தி உக்கார வச்ச? வேணுமுன்னே தோத்தியா?”

“வேணுமுன்னு இல்ல. நீ அமுக்குனா தோக்கும். அது வேற,” என்றான்.

“வெளையாடாத, சொல்லு.”

அவன் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“நீ வேல விட்டு வந்தா என்னா செய்வ? திம்ப, போன நோண்டுவ, படுப்ப. கூட்டாளி ஒருத்தன் இல்ல. கலியாணப் பேச்சு எடுத்தா எந்திரிச்சிப் போயிருவ. இந்த ஒரு மணித்தியாலந்தான் நீ வாயத் தொறக்குற, சண்டையாவது புடிக்கிற. நான் தனியா ஓட்டுறேன்னு சொன்னா அதையும் விட்டுட்டு மூலையில குந்திருவ. பாவமா இருந்திச்சி. அதான்.”

பாவம். கை விளங்காத அண்ணன், லயத்தைவிட்டு இறங்காத அண்ணன், என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, எனக்குத் துணையாக இருக்கத் தினமும் தோற்றிருக்கிறான். எனக்கு அந்தக் கீபோர்டை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் மொனராகலைக் கதையைச் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். கடை, அறை, பொறுப்பு, மூன்று வாரம் நான் பட்ட பாடு, உனக்காகத்தான் விட்டேன், இப்போது வேறொருவன் போகப் போகிறான், எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா பாதி உடுத்தியபடி வந்து வாசற்படியில் நின்றாள்.

நான் முடித்த பிறகு அண்ணன் கேட்டான்.

“மொதலாளிகிட்ட என்னா காரணம் சொன்ன?”

“வீட்டு நெலம சரியில்லன்னு.”

“வீட்டு நெலமன்னா நான்தானே?”

நான் கொப்பியை எடுத்து மூடிவைத்தேன்.

“மூணு வாரம் இருந்திச்சி. தெனம் என் பக்கத்துல உக்காந்த. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?”

“இல்ல.”

“கேட்டிருந்தா நான் என்னா சொல்லிருப்பேன்?”

“போன்னு சொல்லிருப்ப.”

“அது ஒனக்குத் தெரியும்,” என்றான் அண்ணன். “அதனாலதான்டா கேக்கல.”

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லி மறுத்திருக்க வேண்டும். மொனராகலை சிங்கள ஊர், என் சிங்களம் கவுண்டருக்குள் மட்டும் பேசக்கூடிய சிங்களம். தெரியாத ஊரில் இரவில் கடையைப் பூட்டிவிட்டு அந்த அறைக்குத் தனியாக ஏற வேண்டும். கணக்குப் பிழைத்தால் கைகாட்ட இன்னொருவன் இருக்க மாட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்ட நாளின் சந்தோஷம் அன்றிரவே போய், அந்த மூன்று வாரமும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதற்கு அண்ணனுடைய கை நல்ல காரணமாக அமைந்தது. இதையெல்லாம் அவனிடம் சொல்லாமல், மாத்திரை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன்.